அழைப்பவனும் விருந்தாளியே
டி. டி. நைல்ஸின் உவமை பற்றிய ஒரு திறனாய்வு

நற்செய்திப் பணியைப் பற்றி நம் சபைகளில் நிகழ்த்தப்படும் அருளுரைகளில் ஓர் உவமை அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. நற்செய்தியை அறிவித்தல் என்பது, ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்வது போன்றது என்பதே அவ்வுவமை. அயலாரையும் நண்பரையும் ஆலயத்துக்கு அழைத்துவருமாறு சபையாரைத் தூண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தவறாது கேட்கலாம். சொன்னவர் இன்னார் என்று அறியாமலே சொல்பவர் பலர். எடுத்தாளப்படும் அளவுக்கு இவ்வுவமை ஆராயப்பட்டதாகத் தோன்றவில்லை. இதன் ஆற்றல் யாது, இதன் எல்லை யாது, இதை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுவதால் நேரும் இழப்பு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உவமையும் அதன் இடமும்

இவ்வுவமையை வழக்குக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ் ஆவார். 1908-இல் தெல்லிப்பழையில் பிறந்து, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பயின்று, மெதடிஸ்த திருச்சபையின் ஆயராகப் பணியாற்றியவர். 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் பங்குகொண்டார். 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கப்பட்டபோது, தொடக்க ஆராதனையில் செய்தியளித்தவர்களுள் ஒருவராக விளங்கினார். 1970-இல் மறைந்தார். நற்செய்திப் பணியைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி 1951-இல் வெளிவந்த நூலில்தான் இவ்வுவமை இடம்பெறுகிறது.

அது எழுந்த காலத்தை நாம் மறத்தலாகாது. இந்தியா 1947-இலும் இலங்கை 1948-இலும் விடுதலை பெற்றன. அதுவரை அருட்பணியைப் பற்றிய பொதுவான கற்பனை, உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கிறான் என்பதாகவே இருந்தது. கொடுப்பவன் கை மேலேயும் வாங்குபவன் கை கீழேயும் இருந்தன. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வேதநாயகம் அசரியா எழுந்து, மேலைநாட்டார் தியாகத்தோடு கொடுத்த பலவற்றையும் நன்றியோடு நினைவுகூர்ந்து, இனி நட்பைத் தாருங்கள் என்று கேட்டது இந்நிலையைக் கண்டேயாகும். அசரியா வேண்டுகோளாக வைத்ததை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நைல்ஸ் ஓர் உவமையாக வடித்தார். அவ்வுவமையில் மேலான கை இல்லை. சொல்பவனும் கேட்பவனும் ஒரே தெருவில் நிற்கின்றனர். மார்ட்டின் லூத்தர் 1546-இல் தாம் இறப்பதற்குச் சற்று முன் எழுதிவைத்த சிறு குறிப்பிலும், நாம் அனைவரும் இரவலரே என்னும் அறிக்கை காணப்படுகிறது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் சீர்திருத்தக் கோட்பாட்டை அருட்பணிக்குப் பொருத்திப் பார்த்தால் கிடைப்பது இவ்வுவமையே எனலாம்.

ஆயினும், நைல்ஸ் அவ்வாக்கியத்தோடு நின்றுவிடவில்லை என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அதையடுத்து அவர் மேலும் சொல்கிறார்: கிறிஸ்தவன் தன் சொந்தச் செல்வத்திலிருந்து எதையும் வழங்குவதில்லை; வழங்குவதற்கு அவனிடம் செல்வமில்லை; அவன் தன் ஆண்டவரின் பந்தியில் ஒரு விருந்தாளி; நற்செய்தியாளன் என்ற முறையில் மற்றவரையும் அப்பந்திக்கு அழைக்கிறான். சில வரிகளுக்குள் காட்சி மாறிவிடுவதைக் காண்க. தெரு மறைந்து வீடு தோன்றுகிறது. பிச்சைக்காரன் விருந்தாளியாகிறான், இடத்தைச் சொல்லுதல் பந்திக்கு அழைத்தலாகிறது. நம் அருளுரைகள் முதற்காட்சியிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டாவது காட்சியே நம் சபைகளுக்கு மிகுதியும் தேவையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. தமிழில் இவ்வுவமையின் உறவு

தமிழ் வாசகருக்கு இவ்வுவமையின் அமைப்பு புதியதன்று. பரிசு பெற்ற வறியவன் ஒருவன், பெறாத மற்றொரு வறியவனை எதிர்ப்பட்டு, தான் பெற்ற இடத்துக்கு அவனையும் வழிப்படுத்தும் நிலையை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம் மொழி. ஆற்றுப்படை என்னும் அவ்வகைக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் இலக்கணம் வகுத்துள்ளது. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் திருமுருகாற்றுப்படை அடியவனை இறைவனிடம் வழிப்படுத்துவது. ஆகவே இவ்வடிவம் சமயத் துறைக்கும் பண்டே உரியதாயிற்று. நைல்ஸ் இம்மரபைப் பின்பற்றினார் என்பது நம் வாதமன்று. ஒத்த அமைப்புடைய இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்றின் நிறையும் குறையும் மற்றொன்றால் விளங்கும் என்பதே நம் கருத்து.

ஆற்றுப்படுத்துபவன் செய்வன நான்கு. முதலாவது, தன் பழைய பசியை மறைக்காமல் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் பாணனின் அடுக்களை காட்டப்படுகிறது. கூரை சிதைந்த அந்த அடுக்களையில், ஈன்ற நாய் தன் குட்டிகளுக்குப் பாலின்றிக் குரைக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு இகழ்வரோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அடைத்த அந்தக் கதவுக்குப் பின்னால் நிகழ்ந்ததையே பாணன் வழியில் கண்டவனிடம் திறந்து சொல்கிறான்.

இரண்டாவது, வழியை உள்ளபடி சொல்கிறான். மலைபடுகடாத்தில் கூத்தனுக்கு வழி கூறுபவன், அவ்வழியிலுள்ள பொறிகளையும் பாம்புகள் உறையும் இடங்களையும் வழுக்கும் பாறைகளையும் ஒன்றும் விடாமல் எச்சரிக்கிறான். பரிசில் பெரிது என்பதற்காக வழி எளிது என்று அவன் பொய் கூறவில்லை.

மூன்றாவது, இடைவழியில் விருந்தளிப்போரைச் சுட்டுகிறான். கடற்கரைப் பரதவரும், வேலூர் எயினரும், ஆமூர் உழவரும் தத்தம் நிலத்து உணவைத் தருவர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. வள்ளலின் வாயிலை அடையும் முன்னரே வழிப்போக்கன் பல எளிய மனைகளில் உண்டுவிடுகிறான்.

நான்காவது, வள்ளலின் வரவேற்கும் பண்பைச் சொல்கிறான். நல்லியக்கோடனின் வாயில் பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அடைக்கப்படுவதில்லை. கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனை அருகில் இருத்தி, பேன் பற்றிய கந்தலை நீக்கி, பாம்பின் சட்டைபோன்ற மெல்லிய ஆடையை உடுத்தச் செய்து, அவன் உண்ணும்வரை தானே உடனிருந்து உபசரிக்கிறான்.

நம்மவர் அயலாருக்கு விடுக்கும் அழைப்பை இந்நான்கோடு ஒப்பிட்டு நோக்குவோம். நம் ஆலயம் பழமையானது, கோபுரம் உயரமானது, பாடற்குழு சிறந்தது, இவ்வாரம் வரும் பிரசங்கியார் புகழ்பெற்றவர் என்று சொல்லி அழைக்கிறோம். இவை யாவும் கட்டடத்தையும் நிகழ்ச்சியையும் பற்றியவை. தான் எப்போது பசித்திருந்தான், எங்கு உண்டான் என்று அழைப்பவன் சொல்வதில்லை. வழியின் கடுமையும் சொல்லப்படுவதில்லை. வந்தால் நோய் நீங்கும், வேலை கிடைக்கும், கடன் தீரும் என்ற உறுதிகளே பல கைப்பிரதிகளில் காணப்படுகின்றன. சிலுவையைச் சுமக்கும்படி சொன்னவரிடம் அழைத்துச் செல்கிறவர்கள், மலைபடுகடாத்துக் கூத்தனிடமிருந்து இந்நேர்மையையாவது கற்றுக்கொள்ளலாம். இடைவழி விருந்தும் இல்லை. அழைப்பவரின் வீட்டில் ஒருவேளைகூட உண்டறியாத அயலாருக்கு நேரே ஆலயத்தின் நேரஅட்டவணை நீட்டப்படுகிறது. லேவி என்னும் ஆயக்காரன் இயேசுவைப் பின்பற்றத் தொடங்கியவுடன் செய்தது, தன் வீட்டிலே விருந்து செய்து தன் பழைய தோழரை அவரோடு பந்தியிருக்கச் செய்ததே என்று லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் கூறுகிறார். அவ்வழக்கம் நம்மிடையே அருகிவிட்டது.

3. உவமையின் எல்லைகள்

எந்த உவமையும் எல்லாப் பக்கமும் பொருந்துவதன்று. நைல்ஸின் முதற்காட்சியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது, பிச்சைக்காரன் என்னும் சொல். ஒருநாளும் இரந்து நின்றறியாதவர் தம்மைப் பிச்சைக்காரர் என்று சொல்லிக்கொள்வது தாழ்மையாகத் தோன்றும். நம் சபையாருள் பலருடைய முன்னோர் பிறர் வீட்டுப் புறக்கடையில் கலயத்தோடு நின்று, எட்ட இருந்து ஊற்றப்பட்ட கூழை வாங்கியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நீங்களும் பிச்சைக்காரர்களே என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வது உவமையாகக் கேட்காது; பழைய நினைவாகவே கேட்கும். அவர்களுக்கு நற்செய்தியாக விளங்குவது, பந்தியில் உங்களுக்கு இடமுண்டு என்னும் இரண்டாவது காட்சியே. முதல் வாக்கியம் செல்வந்தனைத் தாழ்த்துகிறது. அடுத்து வருவது தாழ்த்தப்பட்டவனை உயர்த்துகிறது. இரண்டும் சேர்ந்தே நற்செய்தி முழுமையாகிறது.

உணவு என்னும் உருவகத்திலும் இதே கவனம் தேவை. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பகுதியில் பல்லாயிரவர் சபைகளை நாடினர். சோற்றுக்காக வந்தவர்கள் என்னும் பழிச்சொல் அன்றுமுதல் இன்றுவரை நீங்கவில்லை. ஆசைகாட்டி அழைத்தல் என்னும் குற்றச்சாட்டு 2002-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமாகவே வடிவம் பெற்றுப் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு மாநிலங்கள் சிலவற்றில் அத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இப்பழிக்கு விடை, பசித்தவனுக்கு உணவளிப்பதை நிறுத்துவதன்று. அப்பம் புசித்ததற்காகவே தம்மைத் தேடிவந்த கூட்டத்தாரிடம் இயேசு அதை வெளிப்படையாகச் சொல்லிக் கடிந்துகொண்டார் என்று யோவான் ஆறாம் அதிகாரம் காட்டுகிறது. ஆனால் முந்தின நாள் அளித்த அப்பத்துக்காக அவர் வருந்தவில்லை. உணவை நிபந்தனையின்றி அளித்தலும் அழைப்பை ஒளிவின்றி விடுத்தலும் ஆகிய இரண்டையும் கலவாமல் செய்வதே திருச்சபையின் கடமை.

இரண்டாவது இடர்ப்பாடு ஆற்றுப்படை மரபிலேயே தெளிவாகத் தெரிகிறது. அங்கே பாணன் பாணனையும் பொருநன் பொருநனையும் கூத்தன் கூத்தனையும் வழிப்படுத்துகிறான். ஒத்தவன் ஒத்தவனுக்கே சொல்கிறான். பிச்சைக்காரன் பிச்சைக்காரனுக்குச் சொல்வதும் அதுவே. நம் சபை வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே நடந்தது. சுந்தரானந்தம் தாவீது தஞ்சையில் பயிற்சி பெற்று, திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பித் தம் உறவினரிடையே சாட்சி பகர்ந்தார். துன்புறுத்தப்பட்ட அவ்விசுவாசிகளுக்குப் புகலிடமாக 1799-இல் முதலூர் உருவாயிற்று. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், தஞ்சையில் நற்செய்தியை ஏற்று வேதமாணிக்கமாகித் தம் ஊரார்க்கு அதை அறிவித்தார். அவர் விடுத்த அழைப்பை ஏற்று ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடி வந்து சேர்ந்தார். தென்திருவிதாங்கூர்த் திருச்சபை வெளிநாட்டார் திட்டத்தினால் அன்று, உறவினரை நினைத்து வருந்திய ஒருவரின் அழைப்பினால் தொடங்கிற்று என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

இவ்வாறு உறவு வழியாகவும் இனவழியாகவும் நற்செய்தி பரவுவதை ஆராய்ந்து 1933-இல் பிக்கெட் எழுதிய நூல் இந்தியாவில் பெரிதும் பேசப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, இந்தியாவில் அருட்பணி செய்த டொனால்ட் மெக்காவ்ரன் 1955-இலும் 1970-இலும் வெளியிட்ட நூல்களில் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். மக்கள் தம் இன, மொழி, வகுப்பு எல்லைகளைக் கடக்க நேராமல் கிறிஸ்தவராகவே விரும்புகின்றனர். ஆகவே அவ்வழியே சபைகள் பெருகட்டும் என்பது அவர் கூற்றின் சாரம். 1977-இல் பாசடினாவில் கூடிய ஆய்வுக் கூட்டத்தில் இக்கோட்பாடு விவாதிக்கப்பட்டது. 1982-இல் ரெனே பதில்லா எழுதிய கட்டுரை புதிய ஏற்பாட்டுச் சான்றுகளைக் கொண்டு அதை மறுத்தது. யூதரும் கிரேக்கரும் தனித்தனிச் சபைகளாக இருந்திருந்தால் அப்போஸ்தலருக்கு எத்தனையோ தொல்லைகள் நேர்ந்திரா. அத்தொல்லைகளை ஏற்றுக்கொண்டே அவர்கள் ஒரே சபையைக் கட்டினார்கள்.

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு இது வெறும் கோட்பாட்டு வினாவன்று. ஒத்தவனை ஒத்தவன் அழைத்த வழியால் சபைகள் பெருகின. அதே வழியால் ஒரே சாதியாரைக் கொண்ட சபைகளும் பெருகின. தொடக்கத்தில் பாலமாக இருந்தது பின்னர் மதிலாயிற்று. நம் சபையில் ஒருவர் தம் அண்டைவீட்டாரை ஆலயத்துக்கு அழைக்கத் தயங்குவதற்குக் கூச்சத்தைக் காரணமாகக் கூறுகிறோம். பல ஊர்களில் உண்மையான காரணம் வேறு. அழைத்தால் அவர் வந்துவிடக்கூடும்; வந்தால் எங்கே உட்காருவார், யார் அவரோடு ஒரே கிண்ணத்தில் பங்குபெறுவர், நாளை அவர் வீட்டுத் திருமணத்துக்கு யார் செல்வர் என்பவையே வாய்விட்டுச் சொல்லப்படாத கேள்விகள்.

மூன்றாவது இடர்ப்பாடு, முடிவைப் பற்றியது. இரவலன் பரிசில் பெற்றபின் தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். வள்ளல் எத்துணை அன்புடையவனாயினும், இரவலன் அவன் குடும்பத்தவன் ஆவதில்லை. யோவான் முதலாம் அதிகாரத்தில் நிகழ்வது இதினும் வேறானது. யோவான் ஸ்நானகனின் சீடர் இருவர் இயேசுவிடம் கேட்டது, அவர் தங்கியிருக்கும் இடத்தைப் பற்றியே. அவர்கள் சென்று கண்டு, அன்று அவரோடு தங்கினர். தங்குதல் என்று பொருள்படும் அந்தக் கிரேக்க வினையையே யோவான் தம் பதினைந்தாம் அதிகாரத்தில் திராட்சைச் செடியில் கொடிகள் நிலைத்திருத்தலுக்கும் ஆளுகிறார். எபேசியர் நிருபமும், அந்நியராக இருந்தவர் இனி அந்நியரல்லர், தேவனுடைய வீட்டார் என்றே கூறுகிறது. ஆகவே ஆலயத்துக்கு ஒருவரை அழைத்தல் ஒருநாள் விருந்துக்கு அழைப்பதாகாது. வீட்டாராக ஏற்பதற்கே அழைக்கிறோம்.

4. விருந்தாளி வீட்டுக்காரன் ஆகும்போது

இனி நைல்ஸின் இரண்டாவது காட்சியின் முழு வலிமையையும் காண்போம். அழைப்பவனும் விருந்தாளியே என்றால், பந்தி அவனுடையதன்று. அழைக்கப்பட வேண்டியவர் யார் என்று தீர்மானிப்பதும், வந்தவரை எங்கே இருத்துவது என்று தீர்மானிப்பதும் அவன் உரிமையல்ல. திருச்சபையின் வரலாற்றில் நிகழ்ந்த பெருந்தவறுகள் பல, விருந்தாளி தன்னை வீட்டுக்காரனாக எண்ணிக்கொண்டதால் விளைந்தவை.

லூக்கா பதினான்காம் அதிகாரத்திலுள்ள பெருவிருந்தின் உவமையை எடுத்துக்கொள்வோம். முதலில் அழைக்கப்பட்டவர் சாக்குச் சொல்கின்றனர். பின்னர் நகரத்துத் தெருக்களிலுள்ள ஏழைகளும் உடல் ஊனமுற்றோரும் அழைத்துவரப்படுகின்றனர். இன்னும் இடமிருப்பதால், நகருக்கு வெளியே பெருவழிகளிலும் வேலியோரங்களிலும் இருப்போரை அழைத்துவரத் தலைவன் பணிக்கிறான். இம்மூன்றாவது கட்டளையிலுள்ள கிரேக்கச் சொல்லைப் பொதுவாகக் கட்டாயப்படுத்துதல் என்று பெயர்க்கலாம். அகுஸ்தீன், தொனாத்தியரைப் பொதுத் திருச்சபைக்குள் கொணர அரசின் வற்புறுத்தலை நியாயப்படுத்த முனைந்தபோது இவ்வசனத்தைத் துணைக்கொண்டார். ஏறத்தாழ 408-இல் வின்சென்சியுவுக்கும், 417-இல் போனிபாசுவுக்கும் அவர் எழுதிய கடிதங்களில் இவ்வாதத்தைக் காணலாம். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1685-இல் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி நாந்து ஆணையை நீக்கிச் சீர்திருத்தச் சபையாரை ஒடுக்கியபோதும் இவ்வசனமே எடுத்துக்காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே பியர் பெயில் என்னும் அறிஞர் இப்பொருள்கோளை மறுத்து ஒரு நூல் எழுதினார்.

இங்கு நம் பழைய திருப்புதல் ஒரு நல்ல வழியைத் திறந்திருக்கிறது. அதன் ஆசிரியர்கள் இவ்விடத்தில் வருந்துதல் என்னும் சொல்லை ஆண்டனர். எம்மாவு ஊரில் மாலை மயங்கும் வேளையில் இரு சீடர் வழிப்போக்கரைத் தங்கும்படி வேண்டும் இடத்திலும், பிலிப்பி நகரில் லீதியாள் பவுலைத் தன் வீட்டுக்கு அழைக்கும் இடத்திலும் கிரேக்க வினை வேறாயினும், தமிழில் இதே சொல் அமைந்துள்ளது. வருந்தி அழைத்தல் என்பதில் துன்பம் அழைப்பவனுடையது, அழைக்கப்படுபவனுடையதன்று. வேலியோரத்தில் கிடப்பவன், இப்படிப்பட்ட வீட்டுக்குள் நானா என்று தயங்குவான். அவன் தயக்கம் நீங்கும்வரை விடாமல் வேண்டுவதே பணியாளனின் வேலை. வாள் கொண்டு இழுப்பவன் பணியாளனல்லன். அவன் வீட்டுக்காரனின் நாற்காலியில் ஏறி அமர்ந்துவிட்டவன்.

வாளில்லாமலும் இத்தவறு நிகழலாம் என்பதற்கு யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சான்று. பொன்மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்தவனும், அழுக்குடையணிந்த ஏழையும் ஒரே கூடுகைக்குள் நுழைகின்றனர். முன்னவனுக்கு நல்ல ஆசனம். பின்னவனுக்கு நிற்கும் இடம், அல்லது காலடி. இருவரும் அழைக்கப்பட்டே வந்திருக்கக்கூடும். ஆசனத்தைப் பங்கிட்டவர்கள் தாமும் விருந்தாளிகளே என்பதை மறந்தார்கள். யாக்கோபு இதை உபசாரக் குறைவு என்று சொல்லாமல், தீய எண்ணத்தோடு நியாயந்தீர்த்தல் என்று கண்டிக்கிறார்.

இவ்வதிகாரம் நம் நாட்டில் மீண்டும் எழுதப்பட்டது. சபைகளில் தனி இருக்கை, திருவிருந்தில் தனி வரிசை என்னும் வழக்கங்கள் நிலவியபோது, 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் எனக் கட்டளை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அக்கட்டளையை ஏற்காமல் சபையை விட்டு விலகினர். பந்தியின் தலைவர் யார் என்னும் வினாவே அங்கு எழுந்தது. இன்று இருக்கை வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருக்கலாம். தனிக் கல்லறைத் தோட்டங்கள் சில ஊர்களில் மறையவில்லை. உயிரோடு வருபவரை அழைத்துவிட்டு, இறந்தபின் வேறிடம் காட்டும் சபை, தன் அழைப்பை இறுதியில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

5. வந்தவர் காண்பது யாது?

சபையின் ஆராதனைக்குள் விசுவாசியல்லாத ஒருவர் நுழைவதைப் பவுல் தம் நிருபங்களில் வெளிப்படையாக எண்ணிப்பார்க்கும் இடம், 1 கொரிந்தியர் 14:23-25 ஆகும். அவருடைய கவலையைக் கவனிக்க வேண்டும். வந்தவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று அவர் தொடங்கவில்லை. அவர் கண்முன் நாம் எப்படித் தோன்றுவோம் என்று தொடங்குகிறார். ஆராதனையின் மொழி விளங்காவிடில் அவர் நம்மைப் பித்தர் என்பார்; விளங்கினால் தம் உள்ளத்தின் இரகசியங்கள் வெளிப்பட, இங்கே தேவன் இருக்கிறார் என்று பணிவார். ஆக, அன்று சோதிக்கப்படுவது வந்தவர் அன்று, சபையே.

பிலிப்பு நாத்தான்வேலை அழைத்த முறையும் இதுவே. நாசரேத்தைப் பற்றிய ஐயத்துக்கு அவன் வாதம் எதுவும் தொடுக்கவில்லை. வந்து பார்க்கும்படி சொன்னதோடு நின்றான். இப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். பார்க்கச் சொன்னவன், பார்ப்பவனின் தீர்ப்பைத் தடுக்க முடியாது. சமாரியப் பெண்ணின் ஊராரும் முடிவில், இனி உன் சொல்லுக்காக அன்று, நாங்களே கேட்டு அறிந்ததற்காக நம்புகிறோம் என்ற பொருள்பட அவளிடம் கூறிவிடுகின்றனர். அழைத்தவள் அவ்விடத்தில் பின்னடைகிறாள். அதுவே அவள் அழைப்பின் வெற்றி.

எனவே, ஆளுக்கொருவரை அழைத்துவர வேண்டும் என்று சபையார்மேல் எண்ணிக்கையை விதிப்பதற்கு முன், ஆயரும் சேகரக் குழுவும் சிலவற்றை எண்ணிப்பார்ப்பது நலம். முதன்முறை ஆலயத்துக்குள் வரும் ஒருவருக்கு எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காற்படியிடுவது என்று அருகிலிருந்து மெல்லச் சொல்ல ஆளுண்டா? பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து நீட்டும் கை உண்டா? காணிக்கைப் பை தம்மிடம் வரும்போது அவர் தடுமாறாதபடி யாரேனும் காப்பாரா? அறிவிப்பு நேரம் முழுவதும் தேர்தலும் வழக்கும் சங்கப் பாக்கியும் பேசப்படுமாயின், அவர் எதைக் கண்டு செல்வார்? ஆராதனை முடிந்தபின் அவரோடு வீடுவரை நடந்து செல்பவர் யார்? கரிகாலன் தன் விருந்தினரை ஏழடி பின்சென்று வழியனுப்புவான் என்று பொருநராற்றுப்படை சொல்கிறது. அரசன் செய்த அளவாவது நம்மால் இயலாதா?

நம்மிடையே ஏற்கெனவே உள்ள ஒரு நல்ல வழக்கத்தையும் இங்கே சுட்ட வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போதும் பிற திருநாள்களிலும் அசனம் நடைபெறுகிறது. வீடுதோறும் பெறப்பட்ட அரிசியும் காய்கறியும் பெரிய அண்டாக்களில் ஒன்றாகச் சமைக்கப்படுகின்றன. சுற்றுப்புறத்தில் வாழும் பிற சமயத்தாரும் வந்து உண்கின்றனர். அங்கே யார் கொடுத்த அரிசி யார் இலையில் விழுந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். நைல்ஸ் கூறிய பந்தியின் நிழல் அது எனலாம். ஆனால் அசனப் பந்தியில் ஒன்றாயிருந்தோர், மறு ஞாயிறு திருவிருந்துப் பந்திக்கு அருகில் வந்தால் அங்கேயும் அவ்வாறே இருப்பார்களா என்பது அச்சபைகள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

முடிவுரை

நைல்ஸின் உவமை நம் காலத்துக்கும் உரியது. ஆயின் அதை முழுமையாக ஏற்க வேண்டும். அதன் முதற்பகுதி, அழைப்பவனின் செருக்கை அழிக்கிறது. அதன் பிற்பகுதி, அழைப்பவனின் உரிமையையே அகற்றுகிறது. முன்னதை மட்டும் கேட்டவர் தாழ்மையான சொற்களால் அழைத்துவிட்டு, ஆலயத்துக்குள் நுழைந்ததும் பழைய வீட்டுக்காரராகிவிடக்கூடும். இரண்டையும் கேட்டவர் அவ்வாறு செய்ய இயலாது.

ஆற்றுப்படை மரபு நமக்குக் கற்பிப்பது, தன் பசியைச் சொல்லவும் வழியை மறைக்காமல் சொல்லவும் துணிந்தவனே பிறனை வழிப்படுத்தத் தகுந்தவன் என்பதாகும். அம்மரபுக்கும் அப்பாற்பட்டு நற்செய்தி சொல்வது, அழைக்கப்பட்டவன் பரிசில் பெற்றுத் திரும்புகிறவனல்லன், வீட்டிலே தங்குகிறவன் என்பதாகும். அழைக்க ஆளில்லை என்று நம் சபைகள் வருந்துகின்றன. அதற்கும் முன்னால் நாம் வருந்த வேண்டியது ஒன்றுண்டு. அழைப்பை நம்பி வந்த ஒருவர், வாயிற்படியில் நின்று உள்ளே நோக்கும்போது, ஒரே தலைவரின் பந்தியையும் அதைச் சுற்றி அமர்ந்த விருந்தாளிகளையும் காண்கிறாரா? அல்லது, தத்தம் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும் பல வீட்டுக்காரரைக் காண்கிறாரா? அழைப்பை எழுதி அனுப்புமுன் இவ்வினாவுக்கு விடைகாண்பது ஒவ்வொரு சபையின் கடன்.